அந்தப் பழைய காய்ச்சல் இப்பதான் சிக்குச்சு

மாப்ள,

வியாழக்கிழம நீ போன் அடிச்சப்ப எடுக்கலன்னு திட்டாத, அப்ப நான் சிடி ஸ்கேன் மெஷினுக்குள்ள மல்லாந்து கெடந்தேன். நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துதுன்னு போனேன்ல, கொழுப்பு அடைச்சிருக்கும்னுதான் நானும் நெனச்சேன். நாடித்துடிப்பு கொறையணும்னு மாத்திரை குடுத்து, ரத்தக்குழாய் படத்துல தெளிவா தெரிய கையில கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்துனாங்க. ஏத்துனதும் அடிவயித்துல குப்புன்னு ஒரு சூடு, பேன்ட்லயே போயிட்டேன்னு நெனச்சு பதறிட்டேன்டா, எல்லாருக்கும் அப்டிதான் இருக்குமாம்.

படத்துல பாத்தா அடைப்பு இல்ல, வீக்கம். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற வலது பக்க ரத்தக்குழாய் 3 மில்லிமீட்டரா வந்துகிட்டே இருக்கு, ஒரு எடத்துல மட்டும் சைக்கிள் ட்யூப் புடைச்ச மாதிரி 7. பக்கத்துல இருக்குற நல்ல குழாய விட ஒன்றரை மடங்கு இருந்தாலே அதுக்கு அன்யூரிசம்னு பேராம். அப்பறம் தொடை வழியா கதீட்டர்ங்குற மெல்லிசு குழாய விட்டு ஆஞ்சியோ எடுத்தாங்க, அதுல 5தான் காட்டுது! எது பொய்னு கேட்டேன். ரெண்டும் உண்மதான், ஆஞ்சியோ ரத்தம் ஓடுற வழிய மட்டும் காட்டும், சுவரோரமா ஒறஞ்சு ஒட்டியிருக்குறது அதுல தெரியாது, சிடில சுவரும் சேந்து தெரியும்னாரு டாக்டர். பயமே அந்த ஒறஞ்ச ரத்தம்தான், பிச்சுகிட்டு போயி கீழ அடைச்சா அட்டாக். அதான் ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை, ஷேவ் பண்ணயில லேசா கீறுனாலும் நிக்க மாட்டேங்குது.

சின்ன வயசுல நாள்கணக்கா காய்ச்சல் வந்துச்சான்னு அவரு கேட்டதும் அம்மா படக்குன்னு சொல்லிட்டாங்க, 1979ல, நாலு வயசு, கண்ணு நாக்கெல்லாம் செவந்து, காய்ச்சல் விட்டப்பறம் வெரல் நுனியில தோல் உரிஞ்சுச்சுன்னு. கவாசாகி நோயா இருந்திருக்கும்ங்குறாரு, சின்னப் புள்ளைங்களுக்கு வந்து இதய ரத்தக்குழாய வீங்க வைக்குற காய்ச்சலாம். ஜப்பான்ல கவாசாகிங்குற டாக்டர் 1967லயே எழுதி வச்சுட்டாராம், நமக்கு யாரு சொன்னா. இப்பல்லாம் பத்து நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின்ங்குற எதிர்ப்புசக்தி மருந்த ஏத்திட்டா பெரும்பாலும் தப்பிச்சிரலாமாம், ஏத்தாம விட்டா நாலுல ஒரு புள்ளைக்கு இப்டி வீங்கும். உன் சின்னவனுக்கு அஞ்சு நாள் தாண்டி காய்ச்சல் அடிச்சு, பீளை இல்லாம கண்ணு செவந்தா வெறும் வைரஸ்னு விட்றாத, எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்குற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கணுமான்னு கேளு. கொழந்தைங்களுக்கு எக்கோலயே நல்லா தெரிஞ்சிரும், கதிர்வீச்சும் கெடையாது.

ஆபரேஷன் இப்ப வேணாமாம், ஒரு வருஷம் கழிச்சு மறுபடி சிடி.

அம்மாதான், அன்னைக்கே காட்டியிருக்கணும்னு பொலம்பிகிட்டு, பக்கத்துல உக்காந்தா என் வெரல் நுனியவே தடவி தடவி பாக்குறாங்க. நீ வரும்போது அவங்க முன்னாடி இந்தப் பேச்ச எடுக்காத.