நடுக்கடலில் நிற்கும் போயா யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல் ஆராய்ச்சிக்கான நிதியை அமெரிக்கா வெட்டப்போகிறது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் நாலு வரியாகப் படித்தேன். எங்கள் கன்னியாகுமரிப் பதிப்பிலாவது அது முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆழ்கடலில் தூண்டில் போட்டவன். கொச்சியில் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் கரை திரும்ப முப்பது, நாற்பது நாளாகும். லட்சத்தீவுக்கு அப்பால், சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், கம்பமும் கருவிகளுமாக ஒரு போயா, அதாவது நங்கூரம் போட்டுக் கட்டிய மிதவை, நிற்கும். அதன் நிழலில் சிறுமீன் கூடும். அதைத் தேடிச் சூரை வரும், பின்னாலேயே சுறாவும் வரும். படகை அந்தப் போயாவிலேயே கட்டிவிட்டு இரவு முழுக்கத் தூண்டில் போட்டிருக்கிறோம். யாரோ வெளிநாட்டுக்காரன் போட்டது என்றுதான் நினைத்தோம். கயிறு அறுந்தால், கருவி உடைந்தால் யாருக்கு நட்டம் என்று படகில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒக்கி வந்தது. 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், மறுநாளே புயல். கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த செய்தி ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எட்டவில்லை. ஆள் திரும்பாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதற்குப் பிறகு எங்கள் பங்குக் கோயில் கூடத்தில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அந்தப் போயா என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

செயற்கைக்கோளுக்குக் கடலின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். புயலுக்குத் தீனி போடுவது அதற்கும் கீழே தேங்கிக் கிடக்கும் சூடு. அதை அளக்கக் கடலிலேயே கருவி நிற்க வேண்டும். ‘ராமா’ என்று பெயரிட்ட போயா வரிசையை இந்தியப் பெருங்கடலில் 2004 முதல் பல நாடுகள் சேர்ந்து அமைத்து வருகின்றன. முதலில் போட்ட திட்டம் 46 இடங்களுக்கு. மேலே காற்று, மழை, வெயில். கீழே 500 மீட்டர் வரை நீரின் சூடும், மேலடுக்கில் உப்பும் அளக்கப்பட்டு, செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் கரைக்கு வருகின்றன. பெரும்பாலான போயாக்கள் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள அரசு ஆய்வகத்திலிருந்து வருபவை. அவற்றைக் கொண்டுபோய் நிறுத்தவும் பழுது பார்க்கவும் இந்தியாவும் இந்தோனேசியாவும் கப்பல் கொடுத்தன. நம் ‘சாகர் நிதி’ அப்படிப் போன கப்பல்தான். ஜப்பான் கிழக்குப் பக்கத்தில் தன் போயாக்களைப் போட்டது. அந்த அமெரிக்கப் போயாக்களுக்குக் கழித்துப்போட்ட ரயில் சக்கரங்களைத்தான் நங்கூரமாக அடியில் இறக்குகிறார்கள். அதைக் கேட்டபோது எங்கள் படகின் நங்கூரத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று ‘ஆர்கோ’. இவை கட்டிப்போடாத மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலேறும் வழியெல்லாம் அளந்துவிட்டு மறுபடி கீழே போய்விடும். அந்தத் தகவலை எந்த நாடும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மிதவைகளில் கிட்டத்தட்ட பாதி அமெரிக்கா போட்டவை.

இந்த இரண்டுக்கும் முதுகெலும்பாக இருப்பது ‘நோவா’ என்ற அமெரிக்க அரசு அமைப்பு. அதன் ஆய்வுப் பிரிவையே கலைத்துவிடலாம் என்று 2025இல் அந்நாட்டு அரசு தன் பட்ஜெட் முன்மொழிவில் எழுதியது. சியாட்டில் ஆய்வகமும் அந்தப் பிரிவைச் சேர்ந்ததுதான். முன்மொழிவு நிறைவேறட்டும், நிறைவேறாமல் போகட்டும். எங்கள் பிள்ளைகளின் உயிர் ஒரே ஒரு நாட்டின் பட்ஜெட் தாளில் தொங்கக் கூடாது என்பதே என் கவலை. இத்தனை ஆண்டு பெரும்பங்கைச் சுமந்ததற்கு அமெரிக்க மக்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடல் நம் வாசலில் கிடக்கிறது.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 சுனாமிக்கு முன் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் நாடுகளைக் கூட்டியது. 2011இலிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இந்தக் கடல் முழுமைக்கும் சுனாமித் தகவல் கொடுத்து வருகின்றன. நம் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. பருவமழைக்கும் புயலுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் சொந்தமாகவே போயா செய்து நிறுத்துகிறது. ராமா வரிசையில் காலியாகும் ஒவ்வொரு இடத்துக்கும் பொறுப்பேற்கிறோம் என்று மத்திய அரசு முன்வந்து அறிவிக்க வேண்டும். ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் கூடவே அழைக்க வேண்டும். தகவல் இன்றுபோலவே எல்லா நாட்டுக்கும் போக வேண்டும். புயல் எல்லை பார்த்து வருவதில்லை.

எங்கள் பங்கும் இருக்கிறது. ராமாவின் போயாக்கள் பல, மீன்பிடிப் படகுகளால் சேதமாகித் தகவல் தராமல் போயிருக்கின்றன. அதில் எங்கள் படகின் கயிறும் இருந்திருக்கும். ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூலைக் கடைசியில், தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்படும் முன், இந்தப் போயாவின் படத்தையும் அது அளப்பவற்றையும் அரைப் பக்கத்துக்காவது வெளியிடுங்கள். படம் போட்டால் தேடிப்போய்க் கட்டுவார்களே என்று கேட்கலாம். அது நிற்கும் இடம் படகை ஓட்டும் எங்கள் ஸ்ராங்குகளுக்கு ஏற்கெனவே தெரியும். எதற்காக நிற்கிறது என்பதைத்தான் யாரும் தமிழில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆழ்கடல் மீனவர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.