ஐசோலேட்டரைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா: எழுத்தில் பதில் கேட்டுப் புகார்

அனுப்புநர்: மின் பராமரிப்புப் பொறியாளர், வார்ப்பாலை, சிப்காட், இராணிப்பேட்டை.
பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு.

பொருள்: 33 கேவி ஐசோலேட்டர் ஒய் ஃபேஸில் சூடு, நான்கு மாதமாக எழுத்தில் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் யார்டில் மின்சாரம் உள்ளே வரும் இன்கமிங் பக்கம் நிற்பது உங்கள் டபுள் பிரேக் ஐசோலேட்டர், அதாவது லோடு இல்லாதபோது மட்டும் திறந்து லைனைப் பிரிக்கும் சுவிட்ச். மார்ச்சில் தெர்மல் கேமரா வைத்துப் பார்த்தோம். 150 ஆம்பியர் லோடில், மூன்று ஃபேஸ்களில் ஆர், பி இரண்டும் 46 டிகிரி. ஒய் ஃபேஸில், கத்தியைக் கவ்விப் பிடிக்கும் லைன் பக்கத் தாடை மட்டும் 98. அன்றே உங்களுக்கு போட்டோவோடு மெயில் அனுப்பினேன்.

உங்கள் ஆள் ஒருவர் போனில் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "லோடோட திறந்திருப்பீங்க, அதான். ஐசோலேட்டர்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க." ஐயா, நான் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். லோடைத் துண்டிக்கும் பிரேக்கர் ஆஃப் ஆகாமல் ஐசோலேட்டரின் கைப்பிடி அசையவே அசையாது. அப்படித் தடுக்கும் இன்டர்லாக்கைப் போட்டுத் தந்ததே நீங்கள்தான்! லோடில் திறந்திருந்தால் கத்தியின் முனை பொரிந்திருக்கும். முனை சுத்தமாக இருக்கிறது. தாடையின் உள்பக்கம்தான் வெள்ளிப் பூச்சு போய்ச் செம்பு தெரிகிறது. சூட்டில் தாடையின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

இதைக் காட்டத்தான் கழற்றிய தாடையைச் சாக்கில் சுற்றி, முத்துக்கடையில் விடியற்காலை 4 மணி பஸ் பிடித்துச் சென்னை வந்தேன். மதியம் வரை உட்கார வைத்து, "இது எங்க பொருள்தானா?" என்றார்கள். உங்கள் கம்பெனி அச்சு அதிலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்திடம் கெஞ்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்.சி. (லைனை நிறுத்தி வேலை பார்க்கும் அனுமதி) வாங்கினோம். இரண்டு முறையும் உங்கள் டெக்னீஷியன் வரவில்லை. முதல் முறை நாங்களே கத்தியும் தாடையும் சேரும் இடத்தின் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் எடுத்து, கெட்ட தாடையைக் கழற்றி, ஸ்டோரில் கிடந்த பழைய தாடையைப் போட்டு ஒப்பேற்றினோம். கழற்றும் முன் நல்ல ஃபேஸ்களில் 60 மைக்ரோ ஓம், ஒய் ஃபேஸில் 900. இரண்டாம் முறை மின்சாரம் இல்லாமல் ஃபர்னஸ் குளிர்ந்து உள்பூச்சான லைனிங் விரிசல் விட்டது. எங்கள் ஆலையே பாதி அழிந்த மாதிரி நஷ்டம்.

இப்போது விற்பனைப் பிரிவு மொத்த செட்டையும் மாற்றச் சொல்லி விலைப்பட்டியல் அனுப்புகிறது. எதற்கு? போர்சலின் இன்சுலேட்டரில் கீறல் இல்லை, பேஸ் ஃபிரேமில் துருவில்லை, இயக்கும் ராடு மூன்று ஃபேஸையும் ஒன்றாகத்தான் மூடுகிறது, எர்த் ஸ்விட்ச் சரியாக உட்காருகிறது. தாடையும் ஸ்பிரிங்கும் கிடைத்தால் பழுதுபார்ப்பதே முறை. அந்த மாடலுக்கு உதிரிபாகம் இனி வராது என்றால் மாற்றுகிறோம், அதில் எனக்கு மறுப்பில்லை. அதை எழுத்தில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தயவுசெய்து 10 நாளுக்குள் பதிலும், அடுத்த எல்.சி. அன்று ஓர் ஆளும் வேண்டும். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். எங்கள் சப்ளையர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்காது. போனில் பேசிய அந்த நபர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பொறியாளர்