பட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்த கோஹிபா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் விலையுயர்ந்த சுருட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கியூபாவின் கோஹிபா அந்த விலைக்குத் தகுதியானதுதான், அதன் அருமை ருசி தெரிந்தவர்களுக்கே புரியும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். திண்டுக்கல் புகையிலை மண்டியில் இலை பார்த்து விலை சொல்வதே என் பிழைப்பாக இருந்தது. சிப்பத்தின் நடுவில் கையை விட்டு ஓர் இலையை உருவி, விரலில் நீவி, முகர்ந்து பார்த்தால் அது எவ்வளவு நாள் வியர்த்த, அதாவது புளித்த, இலை என்று சொல்லிவிடலாம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். யாருக்கும் சிபாரிசு செய்வதற்காக அல்ல. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் கேடுதான்.

துபாயில் இருக்கும் என் தங்கை மகன் ஊருக்கு வரும்போது இரண்டு வகைச் சுருட்டு கொண்டுவந்தான். ஒன்று கோஹிபா ரொபுஸ்தோஸ், மற்றது பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4. இரண்டும் கியூபாச் சரக்கு. அளவும் ஒன்றே: 124 மில்லிமீட்டர் நீளம், சுருட்டுக்காரர் கணக்கில் பருமன் 50, அதாவது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விட்டம். விலைதான் வேறு. கோஹிபா ஒன்றுக்கு ஏழாயிரத்துக்கு மேல் கொடுத்தானாம். பார்த்தகாஸ் இரண்டாயிரத்துச் சொச்சம். "மாமா, நீங்கதான் இலை பார்க்கிறவர், சொல்லுங்க" என்றான். பெயர் போட்ட காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுடா என்றேன். ஒரு ஞாயிறு மாலை ஒன்று, அடுத்த ஞாயிறு மற்றொன்று. ஒரே நாளில் இரண்டையும் குடித்தால் இரண்டாவதற்கு நாக்கு மிச்சமிருக்காது.

முதலில் வந்ததைக் கையில் எடுத்ததுமே மேல் இலையைக் கவனித்தேன். நரம்பு தெரியாத, எண்ணெய்ப் பசையுள்ள இலை. மேலே சுற்றுகிற இலையை அங்கே துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். உள்ளே வைக்கிற இலை வெயிலில் வளர்ந்தது. அதிலும் செடியின் அடி இலை எரிவதற்கு, நடு இலை மணத்துக்கு, நுனி இலை காரத்துக்கு. பற்றவைக்கும் முன் வாயில் வைத்து இழுத்தபோது காய்ந்த வைக்கோல் மணம் வந்தது. பற்றவைத்த பிறகு வறுத்த காப்பிக்கொட்டை. கால்வாசி போனதும் நாக்கின் ஓரத்தில் லேசான தேன் இனிப்பு. காரம் உண்டு, ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. முக்கால் மணி நேரம் பொறுமையாக இழுத்தேன். கடைசி இரண்டு அங்குலத்தில் சூடேறிக் கசப்பு தட்டியது. எந்தச் சுருட்டும் அங்கே அப்படித்தான்.

அடுத்த வாரத்தது முரடு. எடுத்ததுமே மிளகுக் காரம், ஈரமண் வாசனை, பாதிக்கு மேல் கொஞ்சம் கொக்கோ. ஒரு பக்கம் வேகமாக எரிந்ததால் நடுவில் திருத்திப் பற்றவைக்க வேண்டியிருந்தது. முதலில் குடித்ததுதான் கோஹிபா என்று சொன்னேன், தங்கை மகனும் ஆமாம் என்றான். கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கோஹிபாவின் உள் இலையில் ஒரு பகுதியை மற்றச் சுருட்டுகளுக்குப் போல் இரண்டு முறையோடு விடாமல், மூன்றாம் முறையும் பீப்பாயில் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள். வாயில் படும் அந்த மென்மை அதனால் வருவது. ஆகவே வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மும்மடங்கு வித்தியாசம் இல்லை. இலைக்கு விலை போடச் சொன்னால், கோஹிபாவுக்குப் பார்த்தகாஸை விட அரைப்பங்கு கூடுதலாகப் போடுவேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் போட மாட்டேன்.

அப்படியானால் மீதிப் பணம் எதற்கு? 2022இல், கியூபாச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் கோஹிபா, திரினிதாத் ஆகிய இரண்டு சுருட்டுப் பெயர்களுக்கும் உலகமெங்கும் ஏறத்தாழ ஒரே விலை என்று தீர்மானித்து, ஹாங்காங்கில் விற்ற உயர்ந்த விலையை அளவுகோலாக வைத்துக்கொண்டது. ஸ்பெயின் போன்ற நாடுகளில் பல அளவுகள் இரட்டிப்புக்கும் மேல் ஏறின. முந்தின வாரம் சுருட்டிய அதே இலைதான், மாறியது விலைச்சீட்டு. விலையேற்றத்துக்குக் கட்டுரையாளர் புயலைக் காரணம் காட்டுகிறார். இயன் புயல் கியூபாவின் புகையிலைப் பகுதியான பினார் தெல் ரியோவைத் தாக்கி இலை உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்தது உண்மை. ஆனால் அது 2022 செப்டம்பர் கடைசியில். விலை அதற்குச் சில மாதங்கள் முன்பே ஏறிவிட்டது. ஹபானோஸின் விற்பனை வருமானம் 2022இல் 54.5 கோடி டாலர், 2023இல் 72.1 கோடி டாலர். நஷ்டத்தைச் சரிக்கட்ட ஏற்றிய விலையாக இது எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு கொடுத்தும் வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து வைத்த விலை. விற்பவர் வைப்பார், அது வியாபாரம். அதை ருசியின் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான் என் முறையீடு.

சர்ச்சில் திருச்சிச் சுருட்டுப் பிரியர் என்ற கதையையும் வழக்கம்போலச் சேர்த்திருக்கிறார். நம் பக்கத்துச் சுருட்டு அவர் கைக்குப் போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் விரும்பிக் குடித்தது கியூபாச் சுருட்டு. ரோமியோ இ யூலியெத்தா என்ற கியூபா நிறுவனம் தன் ஏழு அங்குலச் சுருட்டுக்கு அவர் பெயரையே வைத்தது. திருச்சி உறையூர்ச் சுருட்டின் பெருமைக்கு அவர் சாட்சி தேவையில்லை. இன்னொன்று, இது உங்களுக்காகவே: ஹவானாவின் சுருட்டுக் கூடங்களில் 1865 முதல், வேலை நடக்கும்போது ஒருவர் உட்கார்ந்து நாளிதழை உரக்க வாசிப்பது வழக்கம். கட்டுரையில் அதை விட்டுவிட்டாரே என்று வருத்தமாக இருந்தது.

வாங்கித்தான் ஆவேன் என்கிறவர்கள் பெட்டியின் அடியைப் பாருங்கள். கூடத்தின் குறியும் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். பச்சையும் வெள்ளையுமான அரசு உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஹவானாத் தெருவில் மலிவாகக் கையில் திணிக்கும் கோஹிபா பெரும்பாலும் போலி. அசல் சரக்கையும் ஏசி அறையில் கண்ணாடி அலமாரியில் காயவிட்டு விற்கும் கடைகள் உண்டு. விரலால் லேசாக அழுத்தினால் நொறுங்கும் சத்தம் கேட்டால், என்ன பெயர் போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

தங்கை மகன் தீபாவளிக்கு மறுபடி வருகிறான். பார்த்தகாஸே போதும், ஆனால் பெட்டி இரண்டு மூன்று வருடம் பழையதாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இருந்த இடத்திலேயே அந்த முரடும் கொஞ்சம் அடங்கும், பழைய சரக்கென்று கடைக்காரர் சில சமயம் விலையைக்கூடக் குறைப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிலை மண்டி ஊழியர்,
திண்டுக்கல்