ஷட்டருக்கு இந்தப் பக்கம்

மந்தைவெளி
ஞாயிறு மதியம்

மீனு,

நாலு மாசமா நான் எழுதலைன்னு திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிடு, அப்புறம் படி. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. லூசிக்கு ரெண்டாவதும் பொண்ணு, அப்படியே லூசி மூக்கு. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

வந்தாங்கடி. நம்ம பேண்ட் ஆளுங்க வந்தாங்க. ஆறு வருஷத்துக்கு அப்புறம், நேத்து ராத்திரி, இதே சென்னையில. இன்னும் காது அடைச்சா மாதிரி இருக்கு, அந்த அடைப்பு போறதுக்குள்ள உனக்கு எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

மூணு வாரமா எனக்கு வேற வேலையே ஓடலை. டிக்கெட் அறிவிப்பு வந்த அன்னிக்கு ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன், மேஜைக்கு அடியில போனை வச்சே புக் பண்ணினேன். ரெண்டு டிக்கெட். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அண்ணன் பொண்ணு பவிக்கு. எந்தப் பாட்டுல ஆரம்பிப்பாங்கன்னு நானும் பவியும் தினம் சண்டை. அவ முதல் ஆல்பத்துல கடைசிப் பாட்டுன்னா, நான் பரோட்டா பாட்டுன்னு சொன்னேன். பரோட்டா பாட்டை அவங்க மேடையில வாசிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு உனக்கே தெரியும். ஆனாலும் சொன்னேன். நீ கூட இருந்தா என் பக்கம்தான் நின்னிருப்பே.

பவி இப்ப பேஸ் கிட்டார் வாசிக்கறா, பாட்டுக்கு அடியில தாழ்ந்த ஸ்வரம் கொடுக்குமே அதுதான், உனக்குச் சொன்னேனா? செகண்ட் ஹேண்ட்ல ஒரு கறுப்பு கிட்டார். தந்தி மாத்தணும்னா மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்கு என்னைத்தான் இழுத்துட்டுப் போவா. 1842-ல இருந்து இருக்கற கடைங்கறதால அங்க போனா அண்ணனும் ஒண்ணும் சொல்ல மாட்டான், கோயிலுக்குப் போறா மாதிரி. யாரும் சொல்லித் தரலை. நம்ம ஆளுங்க பாட்டைப் போட்டுப் போட்டு, பேஸ் மட்டும் தனியாக் கேக்கற வரைக்கும் உத்துக் கேட்டு, தானாவே பிடிச்சுக்கிட்டா. நம்ம கேசட் தேய்ஞ்சா மாதிரி அவ விரல் நுனி தேய்ஞ்சிருக்கு. தொட்டுப் பார்த்தா காய்ச்சுப் போயிருக்குடி.

சரி, நேத்து ராத்திரி. குடை எடுத்துட்டுப் போனேன், கவலைப்படாதே. ஒரு பெரிய ஓட்டலோட தரைத்தளத்து பார், பேர் எதுக்கு. வாசல்ல நின்னவர் எங்க ரெண்டு பேரோட அடையாள அட்டையும் கேட்டார். பவியோட ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இவங்களுக்கு பத்தொன்பதுதான் ஆகுது. இருபத்தொண்ணு ஆகாம உள்ள விட முடியாது."

அவர் மேல எனக்குக் கோபமே இல்லை. நிஜமாவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். நம்ம மாநிலத்துல இருபத்தொண்ணுக்குக் கீழ மது கொடுக்கக் கூடாது, மீறினா அவங்க உரிமத்துக்கே ஆபத்து. டிக்கெட்லயும் கடைசி வரியில பொடி எழுத்துல போட்டிருந்தது, நான் படிக்கலை. தப்பு என்னோடது. ஆனா அந்தக் குழந்தை முகத்தை நீ பார்த்திருக்கணும். ஒண்ணுமே ஆகாத மாதிரி, "நீங்க போங்க அத்தை, நான் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிடறேன், நாளைக்கு ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னு சொன்னா. சிரிச்சுட்டே சொன்னா. நான் போனேன். அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது, ஆனா போனேன்.

உள்ள ஒரு நூத்தம்பது பேர் இருக்கும். நம்ம வயசுக்காரங்க ஒரு இருபது பேர் சுவரோரம். மீதியெல்லாம் சின்னஞ்சிறுசுக, நம்மளைவிடப் பத்துப் பதினஞ்சு வருஷம் சின்னவங்க, அத்தனை பேருக்கும் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். விளக்கு அணைஞ்சதும் ஒரு சத்தம் எழும்பிச்சு பாரு, அவங்க இன்னும் மேடைக்கே வரலை. நாலு பேரும் அப்படியேதான் இருக்காங்க. டிரம்ஸ் அண்ணாவுக்கு மட்டும் தலை நரைச்சு, பெடல்ல அதே நீல டேப் ஒட்டியிருக்கார். முதல் பாட்டு, நான் சொன்னதும் இல்லை, பவி சொன்னதும் இல்லை. யாரும் கேட்காத ஒரு புதுப் பாட்டு, தமிழ்ல, மெதுவா. இங்கிலீஷ்ல பாடினப்ப ஸ்டைலா இருக்கும், தமிழ்ல பாடறப்ப உண்மையா இருக்கு, எனக்கு அப்படித்தான் தோணிச்சு. மூணாவது பாட்டு நடுவுல பவிகிட்டேருந்து மெசேஜ். "அத்தை, வீட்டுக்குப் போகலை. பின்னாடி சந்துல இருக்கேன். இங்க நல்லா கேக்குது."

அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியலை மீனு. கையில குத்தின முத்திரையோட வெளிய வந்துட்டேன். உனக்கு ஆத்திரம் வரும்னு தெரியும். ஆறு வருஷம் காத்திருந்துட்டு மூணு பாட்டோட வெளிய வந்தவளைப் பத்தி நீ என்ன சொல்வேன்னும் தெரியும். கேளு.

ஓட்டலுக்குப் பின்பக்கம் சாமான் இறக்கற சந்து. ஒரு பக்கம் சமையல்கட்டு எக்ஸாஸ்ட், பூண்டு வதக்கற வாசனையும் எண்ணெய்ச் சூடும் முகத்துல அடிக்குது. காலி பாட்டில் கிரேட்டெல்லாம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கு. நடுவுல ஒரு இரும்பு ஷட்டர், கீழ பூட்டு. அந்த ஷட்டருக்கு நேர் பின்னாலதான் மேடை. வயசான வாட்ச்மேன் ஒருத்தர், தருமபுரிப் பக்கம், தன்னோட பிளாஸ்டிக் நாற்காலியை இவளுக்குக் கொடுத்துட்டு நின்னுட்டிருக்கார். இவ உக்காரலை. ஷட்டர்ல உள்ளங்கையை வச்சு, கண்ணை மூடி நிக்கறா.

அங்க பாட்டு கேக்காதுடி. குரல் கேக்காது, கிட்டார் ஏதோ தூரத்துல ஈ பறக்கறா மாதிரி. பேஸ் மட்டும் வரும். கூடவே பெரிய டிரம் மிதி. பேஸோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸாம், அந்த அலை ஒண்ணோட நீளமே எட்டு மீட்டருக்கு மேலயாம், அதுக்குச் சுவரெல்லாம் ஒரு பெரிய தடையே இல்லைன்னு பவி சொன்னா. ஒவ்வொரு அடி ஸ்வரத்துக்கும் கீழ அந்தப் பூட்டு டக்டக்னு ஆடுது. நானும் கையை வச்சேன். பாட்டைக் கையால கேட்டேன் மீனு.

ரெண்டு பாட்டு போச்சு. திடீர்னு கண்ணைத் திறந்தா. "அத்தை, சுருதியை இறக்கிட்டாங்க. மூணு கட்டையில இருக்கற பாட்டு, ரெண்டு கட்டையில வாசிக்கறாங்க. தந்தியையே இறக்கிக் கட்டியிருக்கார், இல்லேன்னா இவ்வளவு கீழ போகாது."

நான் உள்ள நின்னு மூணு பாட்டு கேட்டவ. எனக்குத் தெரியலை. இத்தனை வருஷமா அந்தப் பாட்டுகளோட வாழறவ, எனக்குத் தெரியலை. இரும்புக்கு இந்தப் பக்கம் நின்ன குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கு.

பத்தரைக்கு மேல ஷட்டர் திறந்துச்சு. சாமான் ஏத்தற வழி அதுதானே. முதல்ல கிட்டார் சத்தத்தைப் பெருக்கற ஆம்ப்பைத் தள்ளிட்டு வந்தவர் யாருன்னு நினைக்கறே? நீ 2009-ல எவர் கிட்டப் பேசப் பயந்து பாத்ரூம்ல ஒளிஞ்சியோ அவரேதான். பவி ஓடிப்போய் ஆம்ப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டா. வேன்ல ஏத்தி வச்சதும், வணக்கம் கூட சொல்லாம நேரா, "ஏன் சார் ரெண்டு கட்டைக்கு இறக்கினீங்க?"ன்னு கேட்டா. அவர் அப்படியே நின்னுட்டார். உள்ள இருந்தீங்களான்னு கேட்டார். இல்லை, இங்கன்னு ஷட்டரைக் காட்டினா. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார், "அவனுக்கு இப்ப மேல போகலம்மா. ரெண்டு வருஷமா. அவனா கேட்கலை, நாங்களே எல்லாத்தையும் இறக்கிக் கட்டிட்டோம். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்லை."

எனக்கு அழுகை வந்துடுச்சு. பாடறவனுக்குக் குரல் இறங்கினா, கூட வாசிக்கறவங்க தங்களோட தந்தியை இறக்கிக்கறாங்க, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. பேண்டுன்னா என்னன்னு நாம எத்தனை ராத்திரி மொட்டை மாடியில பேசியிருக்கோம். இதுதான்டி.

இப்ப நான் சொல்ல வந்தது. ராத்திரி தூங்கலை, இதையே நினைச்சுட்டிருந்தேன். நமக்குப் பத்தொன்பது வயசுல என்னவெல்லாம் கிடைச்சது. அடையாறு காந்தி நகர் அன்வைண்ட் சென்டர்ல ஜூன் ராக் அவுட் கச்சேரிக்குப் போய், வேர்த்து ஊத்த நின்னு, டீயைக் குடிச்சிட்டு 29சி பஸ்ல திரும்பி வருவோமே, யாராவது நம்ம வயசு கேட்டாங்களா? அங்க மதுவே கிடையாது, அதனால கேக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஐஐடி சாரங் விழாவுல திறந்தவெளி அரங்கத்துல கல்லுப் படியில உக்காந்து கேட்டோம். அதெல்லாம் இல்லாட்டி நாம யாராவே இருந்திருக்க மாட்டோம்.

இன்னிக்கு ஒரு சின்ன பேண்ட் இந்த ஊர்ல வாசிக்கணும்னா எங்க போகும்? நம்ம ஊர் சட்டப்படி, டாஸ்மாக் பாரை விட்டா, பார் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலுக்கும் கிளப்புக்கும்தான், மத்த ஊர் மாதிரி ரோட்டோரம் தனியா ஒரு பப் வச்சு அதுல மேடை போட முடியாது. அதனால கச்சேரி ஓட்டலுக்குள்ள போயிடுச்சு. ஓட்டலுக்கு லாபம் கிளாஸ்லதான், பாட்டுல இல்லை. பாட்டு ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு. குடிக்கத் தகுதி இல்லாத வயசுக்காரங்களுக்குக் கேக்கவும் தகுதி இல்லைன்னு ஆயிடுச்சு. மார்கழியில சபாவுக்குப் போ, ஆறு வயசுப் பிள்ளை தாத்தா மடியில உக்காந்து தாளம் போடும். அங்க ஜனங்களை இழுக்கறது கேன்டீன் காபியும் கீரை வடையும், அதுக்கு யாரும் ஆதார் கேக்க மாட்டாங்க. பேஸ் பழகற பிள்ளைக்கு மட்டும் ஏன் சந்து?

ஊர்ல ஆள் இல்லைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டோட முதல் மேடைக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா, ராத்திரி உனக்கு போன் பண்ணிக் கத்தினேன். மேடையில பத்தொன்பது பேர். மைதானம் நிரம்பி வழிஞ்சது. கைக்குழந்தையோட வந்த அம்மா, பாட்டிகள், ஸ்கூல் பசங்க. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில. கதவே இல்லை. ரஹ்மானே நெமிசிஸ் அவென்யூன்னு ஒரு பேண்ட் வச்சுப் பழகின ஊர்டி இது. அன்னிக்கு அவரை யாராவது வாசல்ல நிறுத்தியிருந்தா?

போன கடிதத்துல நீ எழுதியிருந்தியே, சிங்கப்பூர் எஸ்பிளனேடு திறந்த மேடையில தண்ணியோரமா உக்காந்து உன் பையன் ஓசியில கச்சேரி கேட்டான்னு. அன்னிக்குப் படிச்சப்ப சந்தோஷமா இருந்தது. நேத்து ராத்திரி அதே வரி ஞாபகம் வந்து பொறாமையா இருந்தது.

அதனால ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாதே. மந்தைவெளியில உங்க சித்தப்பாவோட மாடி ஹால் சும்மாத்தானே கிடக்கு? நிச்சயதார்த்தத்துக்கு விடுவாரே, அதுதான். ஒரு ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் நாலு மணியிலேருந்து எட்டு வரைக்கும். மது கிடையாது. டீ, சுண்டல், பஜ்ஜி. எந்த வயசும் வரலாம். நேத்து வேன்ல ஏறறதுக்கு முன்னாடி பேஸ் வாசிக்கறவர்கிட்டக் கேட்டேன். இடம் இருந்தா சொல்லுங்க, சின்ன ஆம்ப் ரெண்டோட வந்துடறோம், காசெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னார். பவி அவங்களுக்கு முன்னாடி ரெண்டு பாட்டு வாசிக்கணும்னும் அவரே சொன்னார். அதை அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலை. நீ போன்ல சொன்னா அவன் கேப்பான், உன் பேச்சுக்கு அவன் என்னிக்கும் மறுப்பு சொன்னதில்லை.

ஹால் மொசைக் தரை, மூணு பக்கம் வெறும் சுவர், டிரம்ஸ் அடிச்சா எதிரொலி அடிச்சுக் குழம்பிடும்னு தெரியும். காலையில போய் வாசல்லேருந்தே கையைத் தட்டிப் பார்த்தேன், ரொம்ப நேரம் நிக்குது சத்தம். பவானி ஜமக்காளம் பத்துப் பன்னெண்டு சுவர்ல தொங்கவிட்டா அடங்கும்னு பவி சொல்றா. எங்க வீட்டுல நாலு இருக்கு. லூசி அம்மா வீட்டுல மூணு. உங்க வீட்டுப் பரண்ல உன் கல்யாணத்துக்கு எடுத்தது கட்டாவே இருக்குன்னு உங்க அம்மா சொன்னாங்க, ஆனா உன்னைக் கேக்காம தர மாட்டாங்களாம்.

சித்தப்பாவுக்கு இன்னிக்கே போன் பண்ணு. உங்க அம்மாவுக்கும்.

செல்வி