பஞ்சு சுற்றிய திராட்சைக் குலைகள்: லூயி பாஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாஸ்டர் ஐயா,

எங்கள் ஊர்ப்பக்கம் உங்கள் பெயரைச் சொன்னால் குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்தையும் நாய்க்கடி ஊசியையும்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரான்சின் ஆர்புவா ஊரில் இருந்த உங்கள் சின்னத் திராட்சைத் தோட்டம்.

1878 பிப்ரவரியில் உங்கள் நண்பரான உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் காலமானார். சில மாதங்களில் அவருடைய குறிப்புகள் அச்சில் வந்தன. ஈஸ்ட் என்ற உயிருள்ள நுண்ணுயிர்தான் சாற்றை நொதிக்க வைக்கிறது என்றவர் நீங்கள்; ஈஸ்ட் இல்லாமலே திராட்சைச் சாற்றில் ஆல்கஹால் உண்டாகும் என்று அவற்றில் இருந்தது. போனவரிடம் நேரில் கேட்க வழியில்லை. நீங்கள் கொடிகளிடம் கேட்டீர்கள். காய் பழுக்கும் முன்பே, ஈஸ்ட் வந்து ஒட்டாதபடி, கண்ணாடிக் கூடாரம் போட்டு அவற்றை மூடினீர்கள். அது போதாதென்று, சில குலைகளுக்குச் சூட்டில் கிருமி நீக்கிய பஞ்சையும் சுற்றினீர்கள்.

அக்டோபரில் பழம் பழுத்தது. வெளியே காய்த்த பழத்தை நசுக்கி வைத்தால் சில நாளில் நுரைத்துப் பொங்கியது. பஞ்சுக்குள் இருந்த பழத்தின் சாறு அப்படியே கிடந்தது. அந்தக் குலைகளைப் பாரிசுக்குக் கொண்டுபோன ரயிலில், பஞ்சு கலையாதபடி உங்கள் மனைவியும் மகளும் அவற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம். உங்கள் ஆய்வுகளைப் பற்றிப் படித்ததில் என் மனதை விட்டு நீங்காத காட்சி இதுதான்.

சரி, பெர்னார் பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது. நீங்கள் மறைந்து 2 ஆண்டுகளில், 1897இல், ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறே சர்க்கரையை நொதிக்க வைத்தது. ஆனால் அந்தச் சாறு வந்ததும் ஈஸ்ட்டிலிருந்துதானே! உங்கள் கொடிகள் சொன்ன பதில் அதனால் பொய்யாகவில்லை.

இன்னொரு செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காய்ப் பருவத்தில் இல்லாத ஈஸ்ட், பழுக்கும் நேரத்தில் எங்கிருந்து வருகிறது? பழத்தோலில் தெரியும் வெள்ளைப் பூச்சுதான் ஈஸ்ட் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. நல்ல பழத்தில் ஒயின் ஈஸ்ட் மிக அரிது, தோல் வெடித்த பழத்தில்தான் அதிகம். 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் குளவிகளின் குடலில் அதைக் கண்டார்கள். குளிர்காலம் முழுக்க ராணிக் குளவியின் வயிற்றில் அது உயிரோடு இருக்கிறது. வசந்தத்தில் ராணி கூடு கட்டிப் புழுக்களுக்கு ஊட்டும்போது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அப்புறம் அந்தக் குளவிகள் பழுத்த திராட்சையைக் கடிக்க வருகின்றன.

உங்கள் கூடாரம் காற்றுத் தூசியோடு குளவிகளையும் சேர்த்துத்தான் தடுத்திருக்கிறது. அந்தக் கோடையில் கண்ணாடியில் அவை வந்து மோதியதைக் கவனித்தீர்களா ஐயா?

அன்புடன்,
உங்கள் வாசகன்