பென்ஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பால் விவசாயிகள் கூட்டத்தில், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து மாடு வளர்த்து முன்னேறியவர் என்ற முறையில் உங்களைப் பேச அழைத்திருப்பதாக அத்தை சொன்னார்கள். மிகவும் மகிழ்ச்சி. ஆனால் அந்த மேடையில் நீங்கள் என்ன பேச வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நேரில் சொன்னால் சிரித்துக்கொண்டே தீவனக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்; பாலக்காட்டு எல்லைப் பக்கத்து ஊர்களான கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் மகனைப் படைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் எல்லோரும் காணும்படி எழுதுகிறேன்.

உங்களை அறிமுகம் செய்பவர் என்ன சொல்வார் என்பதை இப்போதே ஊகிக்க முடிகிறது. மெட்ராஸ் ரெஜிமென்டில் கற்ற ஒழுங்குதான் உங்களை நல்ல பண்ணைக்காரர் ஆக்கியது என்பார். விடியுமுன் எழுவதையும் கட்டுத்தரை பளிச்சென்று இருப்பதையும் சான்றாகக் காட்டுவார். எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பால் கூட்டுறவுச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண்கள் யாரும் வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமென்டின் மையத்தில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அவர்களும் அதே இருட்டில்தான் எழுந்து கறக்கிறார்கள். மாடு பருவத்துக்கு வருவது ஏறத்தாழ 21 நாளைக்கு ஒரு முறை. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் தெரிகின்றன. ஒரு முறை கவனிக்கத் தவறினால் சினை ஊசி போட இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அந்த மூன்று வாரத் தீவனமும் நம் கைப்பணம். சினை பிடித்த பிறகு கன்று ஈன ஏறத்தாழ 280 நாள். இதில் எதுவும் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. நீங்கள் ஊருக்கு வந்த புதிதில் மாட்டையும் அணிவகுப்பு மைதானத்தில் நிற்பவரைப் போலவே நடத்தப் பார்த்தீர்கள் என்றும், கறவைக்கு உட்கார்ந்த உங்களை அது எட்டி உதைத்த பிறகுதான் அத்தையிடம் கேட்டுப் பழகத் தொடங்கினீர்கள் என்றும் நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் அதைச் சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கறவை மாட்டைப் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பிடித்து வந்தது அவர்தான். நீங்கள் எல்லையில் இருந்த காலத்தில் அனுப்பிய மணியார்டரில் மிச்சம் பிடித்து, இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு வளர்த்ததும் அவர்தான். நீங்கள் ஓய்வு பெற்று வந்தபோது பண்ணை ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் சொசைட்டி உறுப்பினர் அட்டை உங்கள் பெயரில் இருப்பதால் பரிசுக்கான பட்டியலிலும் உங்கள் பெயர்தான் வருகிறது.

இனி கணக்குக்கு வருகிறேன். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் கோடு போட்ட நோட்டில் நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கும் வரவு செலவை எனக்கு ஒருமுறை காட்டினீர்கள். சொசைட்டியில் விலை வெறும் லிட்டர் கணக்கில் கிடைப்பதில்லை, கொழுப்பையும் கொழுப்பில்லாத திடப்பொருளையும் அளந்தே போடுகிறார்கள். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதி கேட்கும் குறைந்த அளவு 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 சதவீதத் திடப்பொருளும். பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி சித்திரையில் வீசும் அனல் காற்றில் கலப்பின மாடுகள் தீனி எடுப்பதைக் குறைத்துவிடும். பாலும் குறையும், அதன் கொழுப்பு, திடப்பொருள் அளவும் கீழே இறங்கும். ஆனால் அடர்தீவனச் செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு உடல் தாங்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது நீங்களே எனக்குச் சொல்லித்தந்த கணக்கு. பால் வற்றிய இரண்டு மாதமும் மாடு சாப்பிட்டாக வேண்டும். கேரளப் பால் கூட்டுறவு அமைப்பான மில்மா 2022 டிசம்பர் 1 முதல் லிட்டருக்கு 6 ரூபாய் உயர்த்தியபோது ஊரே மகிழ்ந்தது; அப்போதும் தீவன மூட்டையின் விலையைத்தான் நீங்கள் முதலில் விசாரித்தீர்கள்.

அந்த நோட்டில் கோடை மாதங்களின் பக்கங்களில் வரவை விடச் செலவு கூடியிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது எதுவென்று நோட்டில் எழுதப்படவில்லை. ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கில் வந்து விழும் பென்ஷன் அது. மடிநோய் வந்து ஒரு மாடு காம்பு இழந்தபோதும், நல்ல கறவை ஒன்று கன்று ஈன்ற கையோடு செத்தபோதும், நீங்கள் கந்து வட்டிக்காரரிடம் போகாததற்குக் காரணம் அதுதான். உங்கள் மருத்துவச் செலவு முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் போய்விடுகிறது. இவை எல்லாம் நீங்கள் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த உரிமைகள். அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் ஓர் இளைஞருக்கு, பால் வருமானம் மட்டுமே இந்த வீட்டைக் கட்டியது என்று தோன்றிவிடக் கூடாது.

ராணுவமே ஒரு காலத்தில் மாடு வளர்த்தது என்பது கூட்டத்தில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம். 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய முதல் படைப் பண்ணை பின்னர் நாடு முழுவதும் பரவியது; வெளிநாட்டு மாடான ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனையும் நம் நாட்டு மாடான சாகிவாலையும் கலந்து ஃப்ரீஸ்வால் என்ற இனத்தை உருவாக்கியதில் அந்தப் பண்ணைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மிச்சமிருந்த 39 பண்ணைகளையும் மூட 2017இல் அரசு முடிவெடுத்தது. 2021 மார்ச்சோடு அந்த அமைப்பே முடிவுக்கு வந்தது. நிலமும் ஆளும் கால்நடை மருத்துவரும் சொந்தமாக வைத்திருந்த ஒரு நிறுவனமே, பாலை வெளியில் வாங்குவது லாபம் என்று முடிவு செய்தது. பத்து சென்ட் கொட்டகையில் தொடங்க நினைக்கும் ஒருவர் இதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவையும் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. உங்கள் காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு முடித்தால் பென்ஷன் பெற்றார். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேருபவருக்குப் பணி நான்கு ஆண்டு. அதன் முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாகத் தொடரலாம், மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற மொத்தத் தொகையுடன் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முதல் அணியினர் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது கையில் மொத்தமாகப் பணமும், கண்முன்னே உங்கள் உதாரணமும் இருக்கும். பத்து மாடு, பால் கறக்கும் இயந்திரம், தகரக் கொட்டகை என்று இறங்கினால் அந்தப் பணம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் நம்பும்படியாகச் சொல்ல முடியாது.

மாடு வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லச் சொல்லவில்லை. நம் பகுதியில் எந்த நிலையில் இது கட்டுப்படியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தமாகப் பசும்புல் போட நிலம் வேண்டும். அந்த நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். தமிழகமும் கேரளமும் தண்ணீரைப் பங்கிடும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும் என்று இருந்தாலும், வாய்க்கால் கடைசியில் இருப்பவர் அதை நம்பிப் புல் போட முடியுமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இரண்டு மாட்டில் தொடங்கி, கிடாரிக் கன்றுகளை வீட்டிலேயே வளர்த்துப் பெருக்க வேண்டும். சந்தையில் மடி பெருத்து நிற்கும் மாட்டை மயங்கி வாங்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுக்கு வீட்டுச் செலவைத் தாங்க வேறு ஒரு வருமானம் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பென்ஷனாக வந்தது; அவர்களுக்கு எதிலிருந்து வரும் என்பதை இறங்குவதற்கு முன் யோசிக்கச் சொல்லுங்கள்.

அந்த நோட்டின் ஒரு முழு ஆண்டுப் பக்கங்களை, கோடை மாதங்களையும் விடாமல், நான் படியெடுத்துத் தருகிறேன்; மேடையில் அதை அப்படியே வாசியுங்கள். அத்தையும் உங்களுடன் வந்து பேச வேண்டும். அன்று மாலைக் கறவையை நானும் என் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். சிவப்பு மாடு அந்நியர் கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்று அத்தை கவலைப்படுவார்கள் என்பதால், அடுத்த வாரத்திலிருந்தே வந்து பழகிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்