சம்ப் பேக்கிங் செட் பொருந்தாதது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்

பொருள்: சுருங்கிப்போன கார்க் பேக்கிங்கை விற்றது; பேக்கிங் விலை, ஆயில், வேலைக் கூலி ஆகியவற்றைத் திரும்பக் கேட்டல்

ஐயா,

என்னுடையது 1978-ம் வருட அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தகரத் தொட்டி) ஆயில் கசிந்ததால், கசிவை அடைக்க அதன் விளிம்பில் வைக்கும் உங்கள் கார்க் பேக்கிங் செட்டை வாங்கினேன். பாக்கெட்டில் 'அம்பாசிடர்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. அதே 1489 சிசியில் டீசலும் வந்தது, பின்னாளில் இசுசு இன்ஜினும் வந்தது. எந்த இன்ஜினுக்கு என்று போடாவிட்டால் கடைக்காரர் எப்படிப் பார்த்துக் கொடுப்பார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரித்தபோதே பேக்கிங் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. நீளமான பக்கத் துண்டுகளைச் சம்ப் மேல் வைத்தால் ஒரு முனையில் துளை சரியாக உட்கார்ந்தது, மறுமுனையில் பாதித் துளை மறைந்துவிட்டது. கார்க் ஈரம் போய்ச் சுருங்கியிருக்கிறது. மெக்கானிக் தண்ணீரில் ஊறவைத்து அவற்றை ஓரளவு வழிக்குக் கொண்டுவந்தார். முன், பின் மெயின் பேரிங் கேப்பின் (கிராங்க் தண்டைப் பிடிக்கும் மூடி) பள்ளத்தில் உட்காரும் சிறு பட்டைகள்தான் தேறவில்லை. அவை விளிம்புக்கு மேல் சற்றுத் துருத்தி நின்றால்தான் சம்ப்பை ஏற்றும்போது நசுங்கி அடைக்கும். இவையோ விளிம்போடு விளிம்பாகக் கிடந்தன.

"இதைப் போடாதீங்க சார்" என்றுதான் மெக்கானிக் சொன்னார். அங்கிருந்தே உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். உங்கள் ஊழியர் "சிலிக்கான் தடவிப் போடுங்க, நிக்கும்" என்றார். அதை நம்பிப் போட்டோம். சிலிக்கான் பசையையும் மெல்லிய கோடாகத்தான் இழுத்தோம், அதிகம் வைத்தால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயிலை வடிகட்டும் சல்லடை) அடைக்கும் என்பதால்.

ஓட்ட ஆரம்பித்ததுமே சொட்டியது. துடைத்துவிட்டு டால்கம் பவுடர் தூவி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். இன்ஜின் முன்பக்கத்து டைமிங் கவர் மூடிப் பக்கம் பவுடர் காய்ந்தே இருந்தது. பக்கத் துண்டும் முன்பட்டையும் சேரும் மூலையில் மட்டும் ஈரக்கோடு இறங்கியது.

மறுபடி அழைத்தால் வேறொருவர், "பழைய இன்ஜின்னா கசியத்தான் செய்யும், போல்ட்டை இன்னும் டைட் பண்ணுங்க" என்கிறார். பேக்கிங் விற்பவர் சொல்கிற பேச்சா இது? சம்ப் தகரம். இறுக்க இறுக்க போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். முன்பு யாரோ அப்படி இறுக்கிக் குழித்திருந்ததை மெக்கானிக் சுத்தியலால் தட்டிச் சமன் செய்த பிறகுதான் உங்கள் பேக்கிங்கை வைத்தார்.

பாக்கெட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள்படி அவை இருக்க வேண்டும். இருந்திருந்தால் பழைய சரக்கு என்று கடையிலேயே திருப்பித் தந்திருப்பேன்.

பேக்கிங்கின் விலை, வீணான ஆயிலின் விலை, சம்ப்பை மறுபடி இறக்கி ஏற்றும் கூலி மூன்றையும் தர வேண்டும். பதிலுக்கு இன்னொரு செட் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம், வேறு பேக்கிங் பார்த்துக்கொள்கிறேன். இதே சரக்கு கடைகளில் மிச்சமிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில், பாக்கெட், கசியும் மூலையின் படங்கள் இணைப்பில் உள்ளன. கழற்றிய பட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்